ஏறாத ரத்தம்

மாரிச்சாமி எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். இந்த மலைக்குளிரில் முருங்கை வளராது. மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவைத்து வாரம் இரண்டு கட்டு வரவழைத்தான்.

"ஏன் மாரி, மாசமா இருக்கறது நீயா உம் பொண்டாட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஆயம்மாள், குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு.

"ரெண்டு பேருந்தான் அக்கா. மாங்கா இருந்தாக் குடுங்க."

பேச்சுக்குச் சிரித்தானே தவிர, கீரையோடு காம்பும் சேர்ந்து சட்டியில் விழுவதை அவன் கவனிக்கவில்லை.

பத்து வயதில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவன். தேயிலை ஃபேக்டரியில் வேலை. பெற்றோர் இறந்த பிறகு தங்கை கருப்பம்மாளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தான். தலைப்பிரசவத்துக்கு அவனிடம்தான் வந்தாள். லயத்திலேயே பிள்ளை பிறந்து ஒரு மணி நேரத்தில், குன்னூர் போகிற வழியில், எஸ்டேட் ஜீப்பிலேயே அவள் உயிர் போய்விட்டது. உடம்பில் ரத்தமே குறைவு, இருந்ததும் பிரசவத்தில் போய்விட்டது என்றார் டாக்டர். குழந்தையும் தங்கவில்லை. அது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

இப்போது மனைவி ஜானகிக்கு எட்டாம் மாதம். ஐந்து வாரத்துக்கு முன் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ் லோயிஸ் அவள் விரலைக் குத்திப் பார்த்து, ரத்த அளவு ஏழு புள்ளி நாலு என்றாள். குறைந்தது பத்து வேண்டுமாம். அன்றிலிருந்து மாரிச்சாமிக்குத் தூக்கம் சரியில்லை. காலையில் கேழ்வரகுக் களி, மத்தியானம் கீரை. ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மார்க்கெட்டில் கறிக்கடை ஹபீப் முகமது அவனுக்கென்று ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியை எடுத்து வைப்பார். இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று ஜானகி முகம் சுளிப்பாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை அவன் நகர மாட்டான்.

இன்று இருவரும் டிஸ்பென்சரிக்குப் போனபோது மறுபடியும் விரலைக் குத்தினாள் லோயிஸ். பார்த்தாள். அடுத்த விரலையும் குத்தினாள்.

"ஏழு புள்ளி மூணு. மாத்திரையை முழுங்கறியா, கோழிக்குப் போடறியா?"

"பக்கத்துலயே நின்னு முழுங்க வெக்கறாருங்க சிஸ்டர்" என்றாள் ஜானகி.

"எதுல முழுங்கற?"

மாரிச்சாமி முந்திக்கொண்டான். "தேத்தண்ணிலதான் நர்ஸம்மா. ஃபேக்டரித் தூளு, நல்லாச் சாயம் எறக்கித் தருவேன். சோறு தின்ன கையோட இன்னொரு கிளாஸும் குடுத்துருவேன்."

லோயிஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"தேத்தண்ணி அந்த இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாதுங்க. நீங்க போட்ட கீரையில இருந்த கொஞ்சநஞ்சமும் அதோட வீணாப் போச்சு. மாத்திரைக்கு எலுமிச்சந்தண்ணி குடுங்க. கீரையோட தக்காளியோ நெல்லிக்காயோ இருக்கட்டும். தேத்தண்ணி குடிச்சே ஆகணும்னா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு."

"இனிமே ஏறுமா?" என்றான் மாரிச்சாமி.

"எட்டு வாரம் இருக்கு. ஏறலாம். இல்லைன்னா முன்னாலயே குன்னூர் ஆஸ்பத்திரில சேத்துருங்க. லயத்துல பிரசவம் பாக்கற பேச்சே வேண்டாம்."

இருவரும் ஏற்றத்தில் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் ஜானகிக்கு மூச்சு வாங்கியது. அவள் நின்றாள், அவனும் நின்றான். அவளுடைய வெளுத்த உதட்டைப் பார்க்கப் பயந்து, சரிவில் கொழுந்து எடுப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவள் கட்டிலில் சாய்ந்தாள். அவன் எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தான்; விதையைப் பொறுக்கி எடுத்தான். ஜானகி வயிற்றின் மேல் கை வைத்தபடி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க."

"ம்."

"உங்க தங்கச்சி மாசமா இருந்தப்போ, அவளுக்கும் நீங்கதான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தீங்களா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. பயத்தில் வாயில் வந்துவிட்டது.

மாரிச்சாமி டம்ளரை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான். பக்கத்தில் மாத்திரையை வைத்தான். இம்முறை அவள் விழுங்கும்வரை நிற்காமல், தாழ்ந்த வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனான்.