காற்றோடு சண்டை போட்ட மத்தியானம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தேன். செமோரில் வீட்டில் இருந்தபோது வெறும் இருமலாகத்தான் தொடங்கியது. அதுவே கடுமையான நிமோனியாவாக முற்றிவிட்டது.

முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க்கைக் கட்டி, இயந்திரத்தால் காற்றைச் செலுத்தினார்கள். "இதைத் தாங்கிக்கிட்டா நல்லது. இல்லேன்னா மயக்கம் குடுத்துத் தொண்டையில குழாய்தான் போடணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. வேகமாக ஓடும் காரின் ஜன்னலில் தலையை நீட்டியதுபோலக் காற்று அடித்தது. நான் மூச்சை விடப்போனால் அது உள்ளே தள்ளியது. செத்தே போய்விடுவேன் என்று பயந்து மாஸ்க்கைப் பிடுங்கினேன். மானிட்டர் அலறியது.

"அக்கா, கழட்டாதீங்க லா!" என்று நர்ஸ், எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி, ஓடிவந்து மாட்டினார். மறுபடியும் பிடுங்கினேன். அவர் டாக்டரைக் கூப்பிட ஆளனுப்பினார்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அங்கே பிளாஸ்க், சிலிப்பர், கைலி என்று பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னையப் பாருங்க. எங்கம்மாவும் இப்படித்தான் பிடுங்குனாங்க. மிஷினோட சண்டை போடாதீங்க. அது தள்ளும்போது வாங்கிக்குங்க. அப்புறம் மெதுவா விடுங்க. என்கூடவே விடுங்க."

மிஸ்ஸி மாஸ்க்கை மாட்டினார். அந்தப் பெண் மூச்சிழுத்தார், நானும் இழுத்தேன். அவர் விட்டார், நானும் விட்டேன். நடுவில் திணறியபோதெல்லாம் பிடியை இறுக்கினார். அவருடைய போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு, "வேன் கொஞ்சம் நிக்கட்டும் தம்பி, வாரேன்" என்றார். கையை மட்டும் விடவில்லை.

டாக்டர் வந்தபோது என் மூச்சு சீராகியிருந்தது. மானிட்டரைப் பார்த்துவிட்டு, "குழாய் இப்ப வேணாம்" என்றார். அந்தப் பெண் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, பையோடு போய்விட்டார். அவர் அம்மா குணமாகி வீட்டுக்குப் போகிறார் போலிருக்கிறது, நானும் பிழைத்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்க்கை எடுத்து, பேச முடிந்த அன்று மிஸ்ஸியிடம் அவரைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்க அம்மா அன்னிக்குக் காலையிலதான் தவறிட்டாங்க அக்கா. கீழ வேன்ல ஏத்தி வச்சிட்டு, சாமான் எடுக்க வந்தாங்க."

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பெற்ற தாயைக் கீழே காத்திருக்க வைத்துவிட்டு, முன்பின் தெரியாத எனக்காக மூச்சிழுத்துக் காட்ட ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்று நினைக்கும்போதெல்லாம், உயிரோடு இருப்பது எனக்கு ஒரு பொறுப்பாகவே தோன்றுகிறது.