'பேசியாச்சா?' என்று கேட்கும் நிரல்

அன்று மதியம் எங்கள் அலுவலகத்துத் தனபாலன் அண்ணனிடம் நான் "வந்துருச்சு அண்ணே" என்று சொல்லவில்லை. அவரை அறிந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன்.

சிலிம் ரிவர் என்ற ஊர்ப் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டம். அங்குள்ள கிளினிக்கின் இணைய இணைப்பைச் சரிசெய்ய அவர் தனியாகப் போயிருந்தார். மூன்றரை மணிக்குத் தோட்டத்துக் காவலாளி அண்ணனின் கைப்பேசியிலிருந்தே என்னை அழைத்தார். "கம்பத்துக்கிட்ட விழுந்து கெடக்காரு. கூப்பிட்டா முழிக்கல." மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே உயிர் போயிருந்தது. மாரடைப்பு.

ஈப்போவில் எங்கள் அலுவலகத்தில் ஒரு கண்காணிப்பு மென்பொருள் உண்டு. நாங்கள் பார்த்துக்கொள்ளும் இடங்கள் எல்லாம் திரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். அண்ணன் அதை முழுதாக நம்பியதில்லை. ஒருமுறை பத்து காஜா ஊரிலிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் இடம் காலை முழுவதும் பச்சையாகவே இருந்தது. அங்கே யாராலும் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்ப முடியவில்லை. அதன் பிறகு அவரே ஒரு சிறு நிரல் எழுதினார். வெளியே போனவர் சரிசெய்யும் கருவிக்கு அது விடாமல் 'பிங்' என்ற சோதனைச் செய்தியை அனுப்பும். பதில் வந்ததும் ஒலியெழுப்பி, "பேசியாச்சா?" என்று கேட்கும். அலுவலகத்தில் இருப்பவர், வெளியே நிற்பவரை அழைத்து "வந்துருச்சு" என்று சொல்லிப் பேசிவிட்டு ஒரு விசையைத் தட்ட வேண்டும். அதுவரை ஒலி நிற்காது.

"பெட்டி பதில் சொல்லுது, சரி. ஆளு என்னா சொல்றான்னு கேக்க வேணாமா?" என்பார்.

"தொல்லையா இருக்கு அண்ணே இது," என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"வெயில்ல நிக்கிறவனுக்கு ஒன் கொரல்தான் ஜில்லுன்னு குடிக்கிற தே ஓ ஐஸ் லா," என்றார்.

அன்று இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கிளினிக்கின் கருவியிடமிருந்து பதில் வந்தது. நிரல் கேட்டது. வேறொரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். பேசாமலேயே விசையைத் தட்டினேன். பிறகு அழைக்கலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

கோப்பெங்கில் அவர் வீட்டில், அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா ஒன்கிட்டதானே பேசியிருப்பாரு? என்னம்மா சொன்னாரு?"

"வேலை முடிஞ்சிருச்சுன்னாரு அக்கா," என்றேன்.

அது பொய். கருமக்கிரியைக்கு மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். "நீ கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பாரா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த நிரல் இப்போது என் கணினியில் இருக்கிறது. அதன் பதிவில் அன்றைய தேதிக்கு நேராக 'பேசியாச்சு' என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை.

கிளினிக்கின் இணைப்பு அதற்குப் பிறகு ஒருமுறையும் அறுபடவில்லை.