அட்டமிக்கு முதல் மூடிய பீப்பாய்

பரமநாயகத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் யாழ்ப்பாணத்திலும் கண்டதில்லை, ரொறன்ரோவிலும் கண்டதில்லை. எழுபத்தாறாம் ஆண்டு, டான்ஃபோர்த் வீதிக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் வாடகைக்கு எடுத்த வீட்டில், பேஸ்மென்றில் அவரும் மனைவி மங்கையற்கரசியும் குடியிருந்தார்கள். ஆள் ஒரு காப்புறுதிக் கொம்பனியின் கந்தோரில் எழுதுவினைஞர். சப்வேயில் ரயில் வரும்போது சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார். ரெலிபோன் அடித்தால் ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் எடுப்பார். பனியில் அவர் நடக்கும் நடையைப் பார்த்தால் தலையில் முட்டைக் கூடை இருக்கிறதோ என்று தோன்றும். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஆனால் அந்த மாசி மாதத்தில் அவர் பயந்ததற்கு நியாயம் இருந்தது. மங்கைக்கு முன்பு இரண்டு முறை வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது ஏழாம் மாதம் வரை வந்திருந்தது. கட்டிலை விட்டு எழும்பவே கூடாது, படி ஏறினால் இதையும் இழக்க நேரிடும் என்று டாக்குத்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் பேஸ்மென்ற் அறையில் படுத்த படுக்கையாக இருந்தாள். அந்த அறைக்கும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நிற்கும் மூலைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர்தான்.

இப்படிப்பட்ட மனுசன் பியர் காய்ச்சப் புறப்பட்டதும் பயத்தினால்தான். பிள்ளை பிறந்தால் கந்தோர்க்காரர் பார்க்க வருவார்கள், வெறும் கோப்பியைக் கொடுத்தால் கஞ்சன் என்பார்களே என்று பயம். கடையில் வாங்கப் போனால் யாராவது தமிழர் கண்டு ஊருக்கு எழுதிவிடுவார்களே என்றும் பயம். அப்போது ரொறன்ரோவில் தமிழரைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும். அது வேறு விசயம்.

கந்தோரில் அவரோடு வேலை செய்த வரதராஜன் என்ற மதுரைக்காரர் நகருக்கு வெளியே பிக்கரிங்கில் புது வீடு வாங்கி, பேஸ்மென்றில் பியர் காய்ச்சிக்கொண்டிருந்தார். சோடாக் கொம்பனி கழித்துவிட்ட ஓர் எஃகுப் பீப்பாயை அவர் பரமநாயகத்துக்குக் கொடுத்து, வழியும் சொல்லிக் கொடுத்தார். மோல்ற் என்ற முளைகட்டிய பார்லிப் பாணியைத் தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ற் போட்டு, பிளாஸ்ரிக் வாளியில் புளிக்கவிட வேண்டும். குமிழி வருவது முற்றாக நின்ற பிறகு பீப்பாயில் ஊற்றி, கொஞ்சம் சீனி போட்டு இறுக மூட வேண்டும். அந்தச் சீனி புளித்து வரும் காற்றுத்தான் பியருக்கு நுரை கொடுக்கும்.

குமிழி நிற்கவில்லை. ஆனால் பரமநாயகம் ஊரிலிருந்து வந்த கலண்டரைப் பார்த்தார். நாளைக்கு அட்டமி, அதற்கடுத்த நாள் நவமி, அதற்குப் பிறகு கரிநாள். பிறக்கப்போகும் பிள்ளைக்காகச் செய்கிற காரியத்தை அட்டமி நவமியில் மூடலாமா? ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவர். ஆகவே சத்தமியிலேயே, புளிப்பு இன்னும் அரைவாசி மிச்சம் இருக்க, சீனியும் போட்டு மூடிவிட்டார். தோசை மா குளிரில் புளிக்காது என்று மங்கை நடமாடிய காலத்தில் ஃபர்னஸ் பக்கத்தில் வைக்கிற வழக்கம். அதே இடத்தில், பலகைச் சுவரோடு சேர்த்து, பீப்பாயையும் வைத்தார். யாழ்ப்பாணத்து அட்டமி ரொறன்ரோவுக்கு வந்து சேரும்போது என்ன மணி என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் கணவரும் வேலைக்குப் போயிருந்தோம். இனி நான் சொல்வதெல்லாம் பரமநாயகத்திடம் பிறகு துருவித் துருவிக் கேட்டு அறிந்தது.

கார் ரயருக்குக் காற்றுப் பார்க்கிறதைப் போன்ற ஒரு மானியை வரதராஜன் கொடுத்திருந்தார். அதைப் பீப்பாயின் வால்வில் வைத்து அழுத்தினார் பரமநாயகம். முள் எண்களையெல்லாம் தாண்டிப் போய்க் கடைசியில் முட்டியது; மானி கையிலிருந்து பறந்து கூரையில் அடித்தது. பீப்பாயின் தட்டையான மூடி வெளியே வீங்கியிருப்பதை அப்போதுதான் கண்டார். ஃபர்னஸை நிற்பாட்டிவிட்டு, மேலே எங்கள் குசினிக்கு ஓடி ரெலிபோனை எடுத்தார்.

"சார், குமிழி நின்ன அப்புறம்தானே மூடினீங்க?" என்று கேட்டார் வரதராஜன்.

"இல்லை. அடுத்த நாள் அட்டமி. அதுதான்..."

"அடக் கடவுளே! உள்ள இருக்கிற சர்க்கரை பூரா காத்தாயிட்டிருக்கு சார். வெடிச்சா அந்தப் பலகைச் சுவரெல்லாம் நிக்காது. ரெண்டு பேரும் உடனே வெளிய போயிடுங்க."

"அவ எழும்பேலாது, வரதராஜன்."

"தூக்கிட்டுப் போங்க."

"படி செங்குத்து. வெளியில முழுக்க ஐஸ். நான் விழுந்தனெண்டால் பிள்ளை போயிடும்."

"அப்ப ஒரே வழிதான். பீப்பாயை ஆட்டாதீங்க. வால்வு நடுவுல இருக்கிற ஊசியை ஸ்க்ரூடிரைவரால லேசா அழுத்துங்க, சைக்கிள் ட்யூப்ல காத்து இறக்கற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா. மூஞ்சிய மேல கொண்டு போகாதீங்க. நான் இப்பவே கிளம்பறேன்."

அவர் வந்து சேர நேரமாகும். 401 நெடுஞ்சாலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பரமநாயகம் படியிறங்கினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாராம். பீப்பாய்க்கு முன்னால் நின்று அழுத்தினால் வசதி. ஆனால் வெடித்தால் சுவர்ப் பக்கம் திறந்து கிடக்குமே. ஆகவே பீப்பாய்க்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உடம்பை மடக்கி நுழைந்து, முதுகைச் சுவரில் கொடுத்து உட்கார்ந்தார். பீப்பாய் இப்போது அவருடைய நெஞ்சுக்கு நேரே நின்றது. முகம் துடைக்கிற ஒரு துவாயை வால்வின் மேல் போட்டு, ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார்.

பீப்பாய் வீரிட்டுக் கத்தியது. நுரை சீறிக்கொண்டு துவாயை நனைத்தது. கையை எடுத்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உதென்ன சத்தம்?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மங்கை கேட்டாள்.

"ஒண்டுமில்லை. தண்ணிக் குழாயில காத்துப் பிடிச்சிட்டுது. நீர் பேசாமல் படும்."

மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் சீறல். எஃகு உள்ளே எங்கோ டக்கென்று ஒரு சத்தம் போட்டது. இதோ முடிந்தது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். முடியவில்லை. சாமி பெயர் சொல்ல வாயெடுத்தால் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லையாம். மங்கை இடைக்கிடை ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள்: இரவுக்கு என்ன சாப்பாடு, வெளியில் பனி நின்றுவிட்டதா, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொன்னார், சொல்லிக்கொண்டே அழுத்தினார். குழந்தைப் பெயர் பேசிய வாய்க்கும் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கைக்கும் சம்பந்தமே இருக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சீறல் மெல்ல மெல்ல இளைத்துப் பெருமூச்சாகியது. மூடியும் தாழ்ந்தது. நானும் வரதராஜனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தோம். உள்ளே போனால், மனுசன் தலைமுதல் கால்வரை பியரில் ஊறி அந்த இடுக்கில் இருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் கக்கத்தில் கை கொடுத்துத்தான் இழுத்தெடுத்தோம். "மங்கைக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பயந்திடுவா" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நாங்கள் சொல்லவில்லை. சித்திரையில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் சுகம். பீப்பாயில் மிச்சமிருந்ததை வரதராஜன் குளிர வைத்து, முறைப்படி காற்றுக் கொடுத்து, குழாய் பூட்டிக் கொண்டுவந்தார். கந்தோர்க்காரர் வந்திருந்தார்கள். பரமநாயகம் கையை எட்டும் மட்டும் நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு கிளாசாக ஊற்றினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, கிட்டப் போங்கோ. உது கடிக்காது. இப்பிடியும் ஒரு பயமோ!"

மடியில் பிள்ளையோடு இருந்த மங்கைக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, அவரைப் பகிடி பண்ணாதேங்கோ. அண்டைக்குச் சுவருக்கு அங்கால இருந்து என்ன சத்தமெண்டு கேட்டன். அவர் பயமில்லாமல் மறுமொழி சொன்னார். கலியாணம் கட்டின நாள் துவக்கம் அவர் அப்பிடிக் கதைச்சதே இல்லை. அப்பவே ஏதோ பெரிய ஆபத்தெண்டு எனக்கு விளங்கிட்டுது."

பரமநாயகம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு எழும்பேலாது. கத்தினால் அவற்ற கை நடுங்கும். அதுதான் பெயரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தன். வாறது என்ர முதுகில வரட்டும், பிள்ளையில படக்கூடாதெண்டு."

கிளாஸ் நிரம்பி அவருடைய கையில் வழிந்து தரையில் ஓடியது. குழாயை மூட அவருக்குத் தோன்றவில்லை.