இரவல் வாங்கிய துவக்கு

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணிலிருந்து கார் ஓடி அலுத்துப்போகும் தூரத்தில், ஒரு சிற்றூர்ச் சபையில் எஞ்சினியராக இருந்தேன். அந்த ஊரில் ஒருவருக்கும் மனநோய் வராது. சபைச் செயலாளர் அப்படித்தான் சொல்வார். அழுகிறவனுக்குக் குடி கூடிவிட்டது, படுத்துக் கிடப்பவனுக்குச் சோம்பல், அவ்வளவுதான். விசர்க் கதை, பைத்தியக்காரப் பேச்சு என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாட்டிறைச்சி விலை விழுந்த வருசம் அது. மாட்டை விற்கவும் முடியாது, தீன் போட்டு வைத்திருக்கவும் முடியாது. சுட்டுப் புதைப்பதற்குச் சபை குழி வெட்டிக் கொடுத்தது. வெட்டுவிப்பது என் வேலை.

பக்கத்துப் பண்ணைக்காரர் எங்களுக்கு முட்டை கொண்டுவந்து தருகிற மனிதர். அந்தக் குளிருக்குள் பேச்சையே விட்டுவிட்டார். வேலியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நிற்பார்.

"அந்தாளின்ர முகம் சரியில்லையப்பா. ஆரிட்டயாவது சொல்லுங்கோ" என்றாள் என் மனைவி.

மெல்பேர்ணில் ஒரு மனநல டொக்டரிடம் காட்டவேண்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். மனுசன் சிரித்தார். "கை நிறைய வேலை இருந்தால் எல்லாம் சரிவரும்."

கூட இருந்த பொலிஸ் சார்ஜன்ட் சிரிக்கவில்லை. அடுத்த நாளே பண்ணைக்காரரிடம் போய், நரி சுடவேண்டும் என்று அவருடைய துவக்கை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பொலிஸ்காரனுக்குத் துவக்கு இரவலோ? நான் ஒரு உயிரைப் பற்றிச் சொன்னால் இந்தாள் நரி வேட்டைக்குப் போகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு பண்ணைக்காரரின் முறை வந்தது. அவரவர் மாட்டை அவரவரே சுடவேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. துவக்கைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் செயலாளர். சார்ஜன்ட் இழுத்தடித்துப் பார்த்தார். "ஆம்பிளை எண்டால் தன்ர வேலையைத் தானே செய்யவேணும்" என்று செயலாளர் விடாப்பிடியாக நின்றார். துவக்கு போனது.

அவ்வளவு மாட்டையும் அவரே சுட்டார். பின்னேரம் குழிக்கரையில் அவரும் கிடந்தார். துவக்குத் துடைக்கும்போது விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் சபைக் கந்தோருக்கு வேலைக்குப் போகவில்லை. குசினிக் கதிரையில் இருந்தால் இருந்ததுதான். மனைவி வைத்த தேத்தண்ணி ஆறிப்போகும். செயலாளர் ஒரு கேக் அனுப்பினார்.

ஒரு நாள் சார்ஜன்ட் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு என் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"எஞ்சினியர், நரி சுடவேணும். வீட்டில துவக்கு ஏதும் இருக்கோ?"

அப்போதுதான் எனக்கு அந்த நரி வேட்டை விளங்கியது. இல்லை என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவளும் இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் எழுந்தார்.