ஆனிக்காகச் செய்த ஸ்பீக்கர்

ராஜா அண்ணாமலைபுரத்தில், பறக்கும் ரயில் போகிற பாலத்தை ஒட்டிய பழைய அடுக்குமாடி ஒன்றில் லூயிஸும் ஆனியும் குடியிருந்தார்கள். லூயிஸ் லிஃப்ட் மெக்கானிக். தி.நகர் துணிக்கடைகளின் லிஃப்டுகளைப் பழுதுபார்த்தே ஓய்வு வயதுக்கு வந்தவர். ஆனி ஒரு கான்வென்ட் பள்ளியில் தமிழ் டீச்சர். ஒரே மகள் டெல்பின் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருவரும் பாடற்குழுவில் பாடுவார்கள். லூயிஸுக்கு அடித்தொண்டை, ஆனிக்கு எல்லோருக்கும் மேலே போகிற மெல்லிய குரல்.

ஆனியின் காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் குக்கர் விசில் போனது. ஒருநாள் பருப்பு கருகி, எதிர்வீட்டு ஜெயஸ்ரீ புகையைப் பார்த்து ஓடிவந்த பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. அப்புறம் போன் மணி. அப்புறம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் ஆனி வேறெதையோ விளக்க, வகுப்பு சிரித்திருக்கிறது. அந்த வருஷத்தோடு ஆனி வேலையை விட்டுவிட்டார்.

உள்காதின் நரம்பு பழுதாகிக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். விசில் மாதிரி உயர்ந்த சுருதிச் சத்தங்கள் முதலில் போகும். தாழ்ந்த சத்தங்கள் கடைசிவரை கொஞ்சம் தங்கும். எவ்வளவு காலம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. லூயிஸுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆனிதான் விளக்கினார்.

"நீங்க பேசுறதுல உயிரெழுத்து மட்டும்தான் எனக்கு வருது. மெய்யெழுத்தெல்லாம் கொட்டிப்போச்சு."

காதுக்கருவி வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். தகர டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது என்று ஆனி அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பூசைக்குப் போனார், பாடற்குழுவுக்குப் போகவில்லை. லூயிஸும் நின்றுகொண்டார். இளைப்பு வந்ததிலிருந்து அவருக்கும் ஒரு வரியை முழுசாய்ப் பாட மூச்சு போதவில்லை.

ஒரு மாலை, கீழே தெருவில் கல்யாண ஊர்வலம் ஒன்று பேண்டு வாத்தியத்தோடு போயிற்று. முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த ஆனி தலைநிமிர்ந்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார். லூயிஸ் அப்படியே நின்றுவிட்டார். எக்காளமோ கிளாரினெட்டோ அவர் மனைவிக்குக் கேட்டிருக்காது. அந்தப் பெரிய டிரம் கேட்டிருக்கிறது.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. தாழ்ந்த சத்தத்தைச் சுத்தமாகக் கொடுக்கிற ஒரு ஸ்பீக்கர் இருந்தால், ஆனிக்குப் பாட்டில் பாதியாவது திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார். யாரோ தூக்கிப்போட்ட ஹோம் தியேட்டரிலிருந்து தாழ்ந்த சத்தத்துக்கான வூஃபரைக் கழற்றி, பழைய பீரோப் பலகையில் பெட்டி அடித்து, வீடியோவில் பார்த்தபடி முன்னால் ஓட்டை போட்டுக் குழாயும் வைத்தார். அளவெல்லாம் குத்துமதிப்பு. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'பூம்' என்றது. வாசலில் லாரி நிற்கிறதா என்று கேட்டார் ஆனி.

பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு லூயிஸ் ரிச்சி தெருவுக்குப் போனார். அங்கே காதர் என்பவரின் கடையில் வூஃபர்கள் சின்னதிலிருந்து பெரிதுவரை அடுக்கியிருந்தன. லூயிஸின் கண் பன்னிரண்டு அங்குலத்தின் மேலேயே இருந்தது. பெரிதாக இருந்தால் ஆனிக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது அவர் கணக்கு.

"பாட்டு ஆடுறதுக்கா சார், கேக்குறதுக்கா?" என்றார் காதர்.

லூயிஸ் விஷயத்தைச் சொன்னார். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் முழுக்கச் சொன்னார். காதர் பெரியதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எட்டு அங்குல வூஃபர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் காகிதக் கூம்பை விரல்களால் மெதுவாக அழுத்திக் காட்டினார். அது நன்றாக உள்ளே போய்த் திரும்பி வந்தது.

"இது எட்டு இஞ்ச்சுதான், ஆனா நல்லா மூச்சு இழுத்து வுடும். பொட்டியில ஓட்ட வோணாம் சார். காத்து போவாம மூடிடு. சத்தம் கம்மியாத்தான் இருக்கும், ஆனா ஒவ்வொரு சுரமும் தனித்தனியா தெரியும். அவங்களுக்கு அதான வோணும்?"

அதுதான் வேண்டும். மேற்கு மாம்பலத்தில் ஒரு மரக்கடையில் கனமான பிளைவுட் அறுத்து வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பால்கனியில் வேலை நடந்தது. மூலைகளுக்குச் சட்டம் வைத்து, பசை போட்டு, காற்று கசிகிறதா என்று ஊதுவத்திப் புகையைக் காட்டிப் பார்த்தார். உள்ளே பழைய தலையணைப் பஞ்சை அடைத்தார். புருவமெல்லாம் மரத்தூளோடு அவர் சாப்பிட வந்து உட்காரும்போது ஆனி சிரித்துக்கொண்டே சோறு போட்டார்.

பழைய ஆம்பிளிஃபயர் ஒன்றில் போனை இணைத்து முதல் நாள் போட்டது, பாடற்குழுத் தலைவர் கிளிஃபர்ட் பல வருஷத்துக்கு முன்பு பதிவு செய்திருந்த கிறிஸ்துமஸ் ஒத்திகை. ஆனி நாற்காலியைப் பெட்டிக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்.

"உங்க குரல் வருது," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. பிறகு, "என் குரல் இல்ல."

நீயும் இருக்கிறாய், எல்லோருக்கும் மேலே இருக்கிறாய் என்று லூயிஸ் கையைத் தூக்கிக் காட்டினார்.

"பரவால்ல. நீங்க இருக்கீங்க இல்ல," என்றார் ஆனி.

அதற்குப் பின் தினமும் மாலையில் பாட்டு நடந்தது. ஆனி தலையை லேசாக ஆட்டிக்கொண்டே கேட்பார். மஸ்கட்டுக்குப் பேசும்போதெல்லாம் அம்மா பாட்டு கேட்கிறாள் என்று லூயிஸ் மகளிடம் சொன்னார். வேறு செய்தி இருந்தாலும் அதைத்தான் முதலில் சொன்னார்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு மாலை, பாட்டைப் போட்டுவிட்டுக் காபி கலக்கச் சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. ஆம்பிளிஃபயரில் விளக்கு எரிகிறது, போனில் பாட்டு ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஒரு நொடி தன் காதும் போய்விட்டதோ என்று நினைத்தார். பிறகு பார்த்தால், வீடு பெருக்கும்போது இழுபட்டு பெட்டியின் பின்னால் வயர் கழன்று கிடந்தது. ஆனி கண்ணை மூடி, எப்போதும் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

லூயிஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுற்றிப் போய் வயரை மாட்டினார். பாட்டு அறை முழுக்க வந்தது. ஆனியின் தலை முன்பு ஆடிய அதே ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மாலையானால் பாட்டைப் போட்டார், ஆனி வந்து உட்கார்ந்தார், தலையை ஆட்டினார். லூயிஸ் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிச் சில வாரம் போயிற்று.

இருவரும் மறைத்தது வெளியே வந்தது டாக்டர் அறையில். புதிய சோதனையின் வரைபடத்தை டாக்டர் இருவர் பக்கமும் திருப்பி வைத்தார். கேட்கும் அளவைக் காட்டும் கோடு தாளின் அடியோடு அடியாகக் கிடந்தது. ஆனி அதைப் பார்க்கவில்லை. லூயிஸின் முகத்தைப் பார்த்தார். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில் ஆனி கேட்டார்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தன் குரல் தனக்கே கேட்காததால் ஆனி இப்போதெல்லாம் சத்தமாகப் பேசுவார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். லூயிஸ் தலையசைத்தார்.

"மூஞ்சியெல்லாம் மரத்தூளா நின்னீங்க. உங்ககிட்ட போய் எப்படிச் சொல்றது? முதல்ல கேட்டுச்சு. நிஜமாவே கேட்டுச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா..."

லூயிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஆனி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மந்தைவெளி சிக்னலில் வண்டி வெகுநேரம் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் லூயிஸுக்கு இன்னொரு யோசனை தோன்றியது. பாட்டைப் போட்டு, ஆனியின் உள்ளங்கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். ஆனி பொறுமையாக வைத்திருந்தார்.

"அதிருது," என்றார். "ஆனா பாட்டா தெரியல. போதும், விடுங்க."

அதற்குப் பிறகு லூயிஸ் அதில் பாட்டே போடவில்லை. நீங்களாவது கேளுங்கள் என்று ஆனி பலமுறை சொன்னார். அவரால் முடியவில்லை. ஆனியை எதிரில் உட்காரவைத்துத் தான் மட்டும் சாப்பிடுவது போலிருக்கிறது என்று கிளிஃபர்டிடம் சொன்னார். ஒத்திகை அறைக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று கிளிஃபர்ட் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

கிளிஃபர்ட் வண்டியோடு வந்த அன்று தூறலாக இருந்தது. ஆனி பழைய போர்வையைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் கட்டினார். தண்ணீர் பட்டால் பிளைவுட் ஊறிவிடும், பத்திரம் என்று மாடியே கேட்கும்படி சொன்னார். லூயிஸ் படிவரை பிடித்துக் கொடுத்துவிட்டு, இளைப்பு அடங்கும்வரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே வந்தபோது ஆனி தன் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார். லூயிஸ் எதிரே வந்து உட்கார்ந்தார். மகள் சொல்லிக்கொடுத்தபடி, ஆனியின் கண்ணைப் பார்த்து, உதடுகளை நன்றாக அசைத்து, காபி வேண்டுமா என்று கேட்டார்.

"வாய இவ்ளோ பெருசா திறக்காதீங்க, பயமா இருக்கு," என்றார் ஆனி. "சாதாரணமா பேசுங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் மறுபடியும், சாதாரணமாக, கேட்டார்.