சீவலப்பேரிப் பாதையில் நரி முகத்தில் விழித்தது

போன பங்குனியில், பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரிக்குப் போகும் பாதையோரத்து உடைமரக் காடு ஒன்றில், விடிந்தும் விடியாத வேளையில் நான் ஒரு நரிக் குடும்பத்தின் நடுவே போய் நின்றேன். கையில் ரத்தத்தோடு திரும்பினேன். இன்று நல்ல சுகத்தோடு இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் விறகுக்கோ கரிக்கோ காடு பார்க்கப் போகிறவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்று நினைக்கிறேன்.

போனது வியாபாரத்துக்கு. திருநெல்வேலி டவுனில் எனக்கு விறகுத் தொட்டி இருக்கிறது. தலைச்சுமையாக விறகு விற்கத் தொடங்கியவன் நான். இப்போது சொந்த இடத்தில் அடுக்கி வைத்து விற்கிறேன். சித்திரையும் வைகாசியும் கல்யாண மாதங்கள். பந்தி சமையலுக்கு, வேலமர ஜாதியான உடை விறகைப்போல நின்று எரிகிற விறகு வேறில்லை. தொட்டியில் இருப்பு குறைந்துகொண்டே வந்தது. அந்தச் சமயம் பார்த்து, தன் நாலு ஏக்கர் காட்டை வெட்டுக்கு விடப்போவதாக ஆவுடையப்ப பிள்ளை சொல்லி அனுப்பினார். அவர் கேட்ட விலை நூற்றுப்பத்து ரூபாய். மரத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் விலை பேசுவதில்லை. காட்டிலேயே காலையில் சந்திப்பது என்று ஏற்பாடு.

டவுனிலிருந்து காடு பத்து மைல். ஒற்றை மாட்டு வண்டி போதும்; போக வர வாடகை ஒன்றேகால் ரூபாய், வண்டிக்காரனுக்குக் காலை ஆகாரம் நம் செலவு. இரண்டரை மணிக்குப் புறப்பட்டோம். ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டை வரை கப்பி ரஸ்தா, படுத்துத் தூங்கலாம். அதற்கப்புறம் மண் பாதை, தூக்கம் உங்கள் உடம்பைப் பொறுத்தது. வைக்கோலைக் கனமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வைக்கோலில் படுத்திருந்தேன், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு. அதற்கு ஒரு காரணம் உண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் எவனுக்காவது நல்ல விலை படிந்துவிட்டால், "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சீராவே?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்கிறவர்களில் ஒருவர்கூட நிஜமாக நரி முகத்தில் விழித்து நான் பார்த்ததில்லை. பிள்ளையின் காட்டுக்குள் ஒரு புற்றடியில் நரி வளை இருக்கிறது என்று வண்டிக்காரன் சுடலை முந்தின நாளே சொல்லியிருந்தான். அந்தப் பக்கம் பல தடவை பாரம் ஏற்றிப் போனவன். என்னைவிட நாலைந்து வயது இளையவன், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. பெரிய பேரம் பேசப் போகிற இடத்திலேயே நரி இருக்கும்போது வேறு முகத்தில் ஏன் விழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆகவே வண்டியில் தூங்கி எழுந்தவன் கண்ணைத் திறக்கவில்லை. துண்டால் இறுகக் கட்டிக்கொண்டேன்.

வண்டி நின்றது. சுடலை, மாடு ஓட்டும் தார்க்குச்சியின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"பைய வாங்க அண்ணாச்சி. இங்கன குனிங்க, கிளை தாழக் கெடக்கு."

"இன்னும் எவ்வளவு தூரம்லே?"

"பேசாதிய. நரிக்குக் காது கூரு."

"நீ மட்டும் பேசுத?"

"என் சத்தம் அதுக்குப் பழக்கம்."

கொஞ்ச தூரம் போனதும் என் தோளை அமுக்கி உட்கார வைத்தான். காதோடு வாய் வைத்து, "இப்பம் தொறங்க" என்றான்.

துண்டை இறக்கினேன். முதலில் கண்டது நரி முகம்தான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு முழத்தில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காய்ந்த வைக்கோலில் சாம்பலைத் தூவின நிறம். காதுகள் இரண்டும் என்னைப் பார்த்து நின்றன. காலடியில் மூன்று குட்டிகள், எலிக்கும் நாய்க்கும் நடுவான உருவம். ஒன்று தத்தித் தத்தி என் வேட்டி நுனியை மோந்து பார்க்க வந்தது. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. தாய்க்கு அப்படி இல்லை. உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டி, தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. புற்றுக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு நரிகள் இரண்டு பக்கமாக வந்தன.

எழுந்தேன், பின்வாங்கினேன், வேட்டி தடுக்கியது, மல்லாந்தேன். இடது கையைப் பின்னால் ஊன்றினேன். அதே நொடியில் மயிர் அடர்ந்த உடம்பு ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு ஓடியது, மணிக்கட்டுக்குமேல் நெருப்பு வைத்ததுபோல வலித்தது. சுடலை தார்க்குச்சியால் மரத்தை அடித்துக் கத்தினான். கண் மூடித் திறப்பதற்குள் காட்டில் ஒரு நரி இல்லை. குட்டிகளும் வளைக்குள் போய்விட்டன. கையைப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை. இரண்டிலும் ரத்தம்.

"கடிச்சிட்டு அண்ணாச்சி" என்றான் சுடலை. அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

வெறி நாய் கடித்தவன் என்ன ஆவான் என்று என் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒருவனைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்ததைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நரிக்கும் அந்த வெறி உண்டு. எனக்கு இரண்டு பெண்கள், இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்ள அண்ணன் தம்பி கிடையாது. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பிள்ளை ஓடி வந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் மனிதர் வெலவெலத்துப் போனார்.

"என்னவே இது? நரி வளைக்குள்ள கைய விட்டீரா?"

"முகத்துல முழிக்க வந்தாவ" என்றான் சுடலை.

"முழிக்கதுக்கு உமக்கு வேற முகமே கெடைக்கலியா? போன கோடையில இங்கன ஒரு வெறி நரி மாட்டக் கடிச்சு, மாடு செத்துப் போச்சுவே!"

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவருக்கு இன்னும் பயம் வந்துவிட்டது. "வெலை என்ன பெரிய வெலை, எம்பதே குடும்! முதல்ல எந்திரிச்சு டாக்டரப் பாரும். என் காட்டுல வச்சு ஆச்சுங்கிற பேரு எனக்கு வேண்டாம்" என்றார். அந்த நிலையிலும் எண்பது என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் காளையை ஓட்டின ஓட்டத்துக்கு மண் பாதையின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். சுடலை அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"என்னலே பாக்க?"

"ஒண்ணுமில்ல. ஊளை கீளை வருதான்னு."

பாதிவழியில் ஒரு வாய்க்கால். வண்டியை நிறுத்தி, இறங்கித் தண்ணீரைப் பார்க்கச் சொன்னான். வெறி ஏறினவனுக்குத் தண்ணீரில் கடித்த மிருகத்தின் முகம் தெரியும் என்பது ஜனங்கள் பேச்சு. குனிந்து பார்த்தேன். தூக்கம் இல்லாத, ரெண்டு நாள் தாடி வைத்த என் முகம்தான் தெரிந்தது.

"என்ன தெரியுது அண்ணாச்சி?"

"ஒரு மடையன் தெரியுதான்."

"அப்பம் சரிதான்" என்று மாட்டை ஓட்டினான். நான் அந்தத் தண்ணீரில் கையை நன்றாகக் கழுவிவிட்டு, இரண்டு கை அள்ளிக் குடித்தேன். உள்ளே இறங்கியது. ஆனாலும் வெறி அன்றே வராது, வாரக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் வீடு. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நிஜமாகவே நரி கடித்திருந்தால் இன்று சாயங்கால ரயிலிலேயே புறப்பட வேண்டும். நீலகிரி மலையில் இதற்கு ஊசி போடுகிறார்கள். ரெண்டு மூணு வாரம் தங்க நேரும்" என்றார். பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டு அழுத்திக் கழுவினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சின்ன இடுக்கி ஒன்றை எடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன வியாபாரம் பண்றீர்?"

"விறகு."

"என்ன விறகு?"

"உடை விறகுதான் முக்கியமா."

"எத்தனை வருஷமா?"

"இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

இடுக்கியை என் மூக்கு நுனியில் நீட்டினார். அதன் நுனியில் வெள்ளை வெளேரென்று அரை விரல்கடை முள். மறு துளையிலிருந்து அதற்கு ஜோடி முள்ளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். உடைமரத்தில் முள் இரண்டிரண்டாகத்தான் வரும். அதை எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. என் பிழைப்பே அதில்தான். ஆனால் நரி முகத்தை நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு எது குத்தினாலும் பல்தான்.

"இந்த ஊர் நரிக்கு முள் முளைக்கும்னு நான் படிச்சதில்லை" என்றார் டாக்டர். சட்டையைக் கழற்றச் சொல்லி, முழங்கை, கால், முதுகு எல்லாம் பார்த்தார். நரிப் பல் பட்ட இடம் எங்கேயும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. மருந்து வைத்துக் கட்டினார். இரண்டு ரூபாய் கொடுத்தேன். ஒரு ரூபாய் போதும் என்று மீதியைத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுடலையிடம் சொன்னதும் அவன் தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தான். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், சிரிப்பில் வந்த கண்ணீர் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். காப்பி கிளப்பில் போய் உட்கார்ந்தோம். நான் எட்டு இட்லி சாப்பிட்டேன். அன்றைய இட்லி மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பங்குனி, சித்திரையில் நரி குட்டியோடு இருக்கும்; புற்று உள்ள பக்கம் போக வேண்டாம். தூரத்தில் பார்த்தால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், அது தானே விலகிப் போகும். செருப்பு கனமாக இருக்கட்டும். வாய்க்காலைத் தவிர வழியில் நல்ல தண்ணீர் கிடையாது, சொம்பில் கொண்டுபோவது நல்லது. நிஜமாகவே கடித்துவிட்டால் மந்திரிக்கப் போய்ப் பொழுதைக் கழிக்காமல் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். நரி முகத்தில் விழிப்பதில் லாபம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு உண்டு, உயிர் மிஞ்சியதே போதும். உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறின பிறகு, பிள்ளையின் வீட்டுக்கே போனேன். கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "டாக்டரு என்ன சொன்னாரு?" என்று பதறினார். மறைக்கவில்லை, முள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அப்பம் நூத்திப்பத்துதான்வே. எம்பது நரிக்குச் சொன்ன வெலை."

"பிள்ளைவாள், நரி உம்ம வீட்டு நரியில்ல, அதுக்கு நீங்க பொறுப்பில்ல. முள்ளு யாரு மரத்து முள்ளு?"

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நீரு நரி முகத்துல முழிச்ச ஆளு இல்லவே. அந்த நரிதான் உம்ம முகத்துல முழிச்சிருக்கு, பாவம்."

அதற்கு மேல் பேச்சு சுலபமாக நடந்தது. குட்டி உள்ள வளைப் பக்கம் கோடாரி வைத்தால் வெட்டுக்காரன் எவனாவது நிஜமாகவே கடிபடுவான், ஒருவன் கடிபட்டால் மற்றவர்கள் காட்டுக்குள் வர மாட்டார்கள் என்று நான் சொன்னதை அவரும் ஏற்றுக்கொண்டார். முடிந்த விலை தொண்ணூறு ரூபாய்; பாதி அன்றே, பாதி கடைசி வண்டி ஏறும்போது. வெட்டு என் ஆள், வண்டி என் செலவு, உடைக் காய் பிள்ளையின் ஆடுகளுக்கு. புற்றைச் சுற்றி இருபது மரத்தை ஆடி முடியும்வரை யாரும் தொடுவதில்லை.