மங்களாக்கா வளர்த்த மலைப்பாம்பு

மங்களாக்கா இறந்த செய்தி, சுழலும் ரோசாப்பூக்களோடும் எரியும் குத்துவிளக்கோடும் வட்ஸ்அப்பில் வந்தது. அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். மாரடைப்பு. படத்தின் அடியில் தங்க எழுத்தில் "பிராணிகளின் தாய்" என்றிருந்தது. மல்வேர்ன் பஸ்சில் நின்றபடி அதைப் படித்த எனக்கு அழுகைக்கு முன் எரிச்சல்தான் வந்தது. அந்தப் படத்தை மங்களாக்கா பார்த்திருந்தால் ஒரே சொல்தான் சொல்லியிருப்பார்: "குப்பை."

அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் எதையும் இனிப்பாக்கிச் சொல்லத் தேவையில்லை. நீதிமன்றங்களிலும் வைத்தியசாலைகளிலும் மொழிபெயர்க்கும் எங்கள் கூட்டத்தில் அவரிடம் ஏச்சு வாங்காதவர் இல்லை. "அந்த மனுசன் வயித்துக்குள்ளை கத்தியாலை குத்துது எண்டு கத்துறார். நீர் டொக்டருக்கு அசௌகரியம் எண்டு சொல்லுறீர். உது ஆற்றை வயிறு, உம்மடையோ?" இது எனக்கு விழுந்தது. அதன் பிறகுதான் நாங்கள் சிநேகிதமானோம்.

தம்பியின் வீடு விட்பியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மங்களாக்கா என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மலைப்பாம்பு ஒன்று கிடந்தது. பந்துபோலச் சுருளும், விஷமில்லாத சிறிய ஆபிரிக்க வகை. யாரோ வளர்த்துச் சலித்ததைத் தம்பி வாங்கி, விருந்தாளிகளை அலற வைத்துச் சிரித்து, பிறகு தானும் சலித்துவிட்டார். ஐம்பது வயது மனிதர். உரிந்து போகாத பழைய தோல் பாம்பின் கண்களை மூடியிருந்தது. குளிர்காய வைத்த, கட்டுப்பாடில்லாமல் கொதிக்கும் மின்சாரச் சூட்டுக்கல் ஒன்றில் கிடந்து வயிறு வெந்திருந்தது.

"சாப்பிடுதே?" என்று மங்களாக்கா கேட்டார்.

"உயிர் எலி போட்டனான், தொடேல்லை. சரியான சோம்பேறி. குளிர் வர முன்னம் பின்னாலை பத்தைக்குள்ளை விடுவம் எண்டு யோசிக்கிறன், அக்கா. இயற்கையோடை இருக்கட்டும்."

"உன்ரை உடுப்பைக் கழட்டிப்போட்டு உன்னையும் ஜனவரிப் பனியிலை இயற்கையோடை விடட்டோ?"

தலையணை உறை ஒன்றைக் கேட்டு வாங்கி, பாம்பை அதற்குள் விட்டு முடிந்துகொண்டு புறப்பட்டார். ஆட்டிறைச்சி ஆறிப்போகும் என்று தம்பியின் மனைவி வாசல்வரை வந்து புலம்பினார். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குப் பாம்பென்றால் அருவருப்பு. மங்களாக்காவுக்கும் அதன்மேல் ஆசை பொங்கியதாக நான் கதை கட்டமாட்டேன். அவருக்குப் பொங்கியது தம்பியின் மேலிருந்த வெறுப்பு. அந்த வெறுப்போடுதான் டோர்செட் பார்க்கில் இருந்த தன் அப்பார்ட்மென்ட் அறையொன்றை அதற்காக ஒதுக்கினார். பழைய பெட்டியும் கல்லும் தம்பி வீட்டிலேயே கிடந்தன. புதுப் பெட்டிக்குக் கொளுவி உள்ள மூடி. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்மை. சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு கருவி. சூட்டுக்காக மறைவிடத்தை விட்டு வர வேண்டியிராதபடி இரு பக்கமும் ஒளிந்துகொள்ளச் சிறு குகைகள். தோல் கழல ஈரப்பாசி நிரப்பிய டப்பா. உண்ணி இருந்தால் தெரியட்டுமென்று தரையில் வெறும் வெள்ளைக் கடதாசி. ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் காயத்துக்கு மருந்து கொடுத்து, கண்ணில் ஒட்டிய தோலைக் கையால் உரிக்கவே கூடாது என்றார். உரிக்கவில்லை. தேவையில்லாமல் தொடவுமில்லை.

"பாவம், அக்கா" என்றேன் ஒருநாள்.

"பாவம் பாவம் எண்டுறதை விட்டிட்டு அந்தப் பக்கம் என்ன சூடு எண்டு பாத்துச் சொல்லும்."

வாரக்கணக்காக அது எதையும் தின்னவில்லை. மங்களாக்காவும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும், கேட்டிருந்தால் மறுத்திருப்பார். பிறகு ஒரு காலை பாம்பு தோலை முழுதாகக் கழற்றியிருந்தது. அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்களை மூடியிருந்த தோல்வில்லைகள் இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. "சரி" என்றார். அடுத்த கிழமை, உறையவைத்து இளக்கிய எலியை இடுக்கியில் நீட்டியதும் பாம்பு பாய்ந்து கவ்வியது. அன்று தேத்தண்ணி போடும்போது மங்களாக்கா பாடினார். மிக மோசமாகப் பாடினார்.

பாம்பு தேறியது என்று கேள்விப்பட்டதும் பக்தி வந்துவிட்டது. தம்பியின் மனைவி மகளின் கலியாணத் தடை நீங்க வேண்டுமென்று பாலும் மஞ்சளும் கற்பூரமும் கொண்டு வந்தார். தன் வீட்டில் வெந்து கிடந்தபோது கும்பிடத் தோன்றாத அதே பாம்பு!

"உது பாலும் குடியாது, உம்மடை மகளுக்கு மாப்பிளையும் பாக்காது" என்ற மங்களாக்கா, அந்தப் பாலிலேயே தேத்தண்ணி போட்டு அவருக்குக் கொடுத்து அனுப்பினார்.

செத்தவீட்டில் தம்பி ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினார். அக்காவின் அன்புள்ளத்தைத் திறந்ததே தான் பரிசளித்த பாம்புதானாம். பரிசு! முன்வரிசை கண்ணைத் துடைத்தது. பேசி முடித்து வெளியே வந்தவர் என்னை ஓரமாக அழைத்தார். "அப்பார்ட்மென்டைக் குடுக்கவேணும், தங்கச்சி. உதை ஆரும் எடுக்காட்டி..." மிச்சத்தைச் சொல்லாமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உறைபனியைப் பார்த்தார்.

"நான் எடுக்கிறன்" என்றேன். அவர் நிம்மதியில் என்னைக் கட்டிப்பிடித்தார். பாம்பை முதன்முதல் தூக்கியபோதுகூட எனக்கு அப்படிக் கூசவில்லை.

போன கிழமை தம்பி தொலைபேசியில் வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்காகக் குடும்பமாக வந்து பாம்போடு படம் எடுக்க வேண்டுமாம்.

"ஏலாது. நேற்றுத்தான் சாப்பிட்டது. இப்ப தூக்கினால் கக்கிப்போடும்."

"அஞ்சு நிமிசந்தானே, தங்கச்சி. அக்காவின்ரை ஆத்மா சந்தோசப்படும்."

"ஏலாது எண்டால் ஏலாது."

முன்பென்றால் 'குறை நினைக்காதேங்கோ' என்று இழுத்திருப்பேன். இழுக்காமல் தொலைபேசியை வைத்தேன். மங்களாக்காவை நினைத்து நான் அழுதது அதற்குப் பிறகுதான். எனக்கு அவர் விட்டுப்போனவை ஒரு பாம்பும், பூசி மெழுகாமல் பேசும் இந்த வாயும். இரண்டையும் நன்றாகப் பராமரிப்பேன்.